ஓரம் கருகிய அடை

அம்மா மண்டபம் சாலையில் காலையில் என்னோடு நடப்பவர்களே, போன வாரம் முழுக்க நீங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். தில்லைநகர்ப் பக்கம் வந்திருக்கும் அந்த டாக்கோ கடை, ஊரே போய் வரிசையில் நிற்கிறதே, அந்தப் பேருக்கு அது தகுமா, தகாதா? நான் போய்விட்டு வந்தேன் என்று தெரிந்ததும் நம் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் நடையையே நிறுத்திவிட்டார்.

"பஞ்சாங்கம் சொன்னா சரியா இருக்கும். சொல்லுங்கம்மா, போகலாமா வேண்டாமா?"

கிழமை, மாதம் இல்லாமல் நான் எதையும் சொல்வதில்லை என்பதால் நீங்கள் வைத்த பெயர் அது. அன்று பதில் சொல்லாமல் நடந்தேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. நடந்துகொண்டே சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பங்குனி இரண்டாம் ஞாயிறு மாலை மருமகள் என்னை அங்கே அழைத்துப் போனாள். வாசலில் டோக்கன். உள்ளே எல்லோரும் சாப்பிடுவதற்கு முன் படம் எடுத்தார்கள். சாப்பிட்ட பிறகு நட்சத்திரம் போடச் சொல்லி மேஜையில் ஓர் அட்டை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் இரும்புக் கல்லில் மக்காச்சோள ரொட்டிகளை வாட்டிக்கொண்டிருந்தார். ரொட்டியைச் சூட்டோடு பாதியாக மடக்கி, உள்ளே ராஜ்மா, பச்சை வெங்காயம், கொத்தமல்லி வைத்து, மேலே எலுமிச்சை பிழிந்து தந்தார்கள். நான் அதை ஒரு கையில் எடுத்து, கட்டை விரலால் அடிப்பக்கத்தை அடைத்து, தலையைச் சற்றுச் சாய்த்துக் கடித்தேன்.

மருமகள் சிரித்தாள். "என்ன அத்தை, பழகின மாதிரி சாப்பிடுறீங்க? நான் மொத தடவ சாப்பிட்டப்ப பாதி மடியில கொட்டிருச்சு."

என் கைக்கு அது தெரிந்திருந்தது. கடைசியாக அப்படிப் பிடித்தபோது எனக்கு எட்டு வயது. ஆண்டைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உட்கார்ந்து என் வயதைக் கணக்குப் போடுவீர்கள்.

நாங்கள் அப்போது எடமலைப்பட்டி புதூரில் இருந்தோம். மதுரை ரோட்டைப் பார்த்த ஓட்டு வீடு. ஒரு பாதியில் அப்பா, அம்மா, நான். மறு பாதியில் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா லாரி டிரைவர், சிமெண்ட் லோடு ஓட்டியவர். முந்தின வருஷத்துக்கும் முந்தின ஐப்பசியில், மழை பிடித்திருந்த ஒரு காலையில், லோடு ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போனார். லாரி திரும்பி வந்தது, வேறு டிரைவரோடு. பெரியப்பா வரவில்லை. ஏன் போனார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. தெரு ஒன்று சொன்னது, அம்மா ஒன்று சொன்னார். ஆதாரம் இல்லாததை நான் எழுதுவதில்லை.

பெரியம்மா அழுததை நான் பார்த்தேன், தைப் பொங்கல் வரைக்கும். பொங்கல் கழிந்த வாரம் அவர் வாசலில் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டிக் கல்லைப் போட்டுவிட்டார். அம்மாவுக்கு அவமானமாக இருந்தது.

"ரோட்டோரம் உக்காந்து அடை சுட்டு விக்கிறதுக்கு நம்ம குடும்பத்துல என்னக்கா குறைஞ்சு போச்சு? சோறு நான் போட மாட்டேனா?"

"நீ போடுவடி. நான் யாருக்குப் போடுறது?"

அப்பா ரயில்வே பட்டறை வேலை முடிந்து வந்து, இரண்டு மூங்கிலும் ஒரு தகரமும் கொண்டு கல்லுக்கு மேலே நிழல் கட்டிக் கொடுத்தார்.

பெரியம்மா சுட்டது வெள்ளைச் சோள அடை. ஊற வைத்த சோளத்தோடு கொஞ்சம் உளுந்தும் மிளகாய் வற்றலும் போட்டுக் கொரகொரப்பாக அரைத்து, மெல்லிசாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் சுட்டு, சூடு ஆறுவதற்குள் பாதியாக மடக்குவார். மடிப்புக்குள் கெட்டியாக வேகவைத்த மொச்சைக் கூட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி. ஓர் எலுமிச்சை மூடியைப் பிழிந்து, வாழைச் சருகில் அடிப்பக்கத்தைச் சுற்றிக் கையில் தருவார். ஏன் மடக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு கை ஸ்டியரிங்ல இருக்கும்ல பாப்பா" என்றார். எல்லா டிரைவர்களையும் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

லாரிக்காரர்கள் நிறுத்தத் தொடங்கினார்கள். ஒருவர் சொல்லி ஒருவர். அந்த லாரிகளில் கதவுக்கு வெளியே ரப்பர் பந்து வைத்த ஹாரன் இருக்கும். சாப்பிட்டுப் போகிறவர்கள் அடுத்த நடை அந்தப் பக்கம் வரும்போது நிற்க நேரமில்லையென்றால், புளியமரத்தைத் தாண்டுகையில் பந்தை ஒரு முறை அமுக்குவார்கள். நன்றாக இருந்தது என்று அர்த்தம். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. அடுத்த மாசிக்குள் மாலையெல்லாம் ஹாரனாகக் கேட்டது. நான் எழுத்துப் பாடம் எழுதும்போது ஒவ்வொரு ஹாரனுக்கும் தலைநிமிர்வேன். பெரியம்மாவும் நிமிர்வார். மலைக்கோட்டைப் பக்கத்து ஜவுளிக் கடைக்காரர்கள் ஜட்கா பிடித்து வந்து தின்றார்கள். மணப்பாறை, விராலிமலை, அதற்கும் அப்பால் திண்டுக்கல்வரை 'புளியமரத்து அடை' என்று பேர் போயிருந்தது.

"உங்க அடைய பத்தித்தாங்கா வழியெல்லாம் பேச்சு" என்று யாராவது சொன்னால், அவர் உடனே கேட்பார்: "எதுவரைக்கும்?"

அம்மா இதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டார். "அக்காவுக்குப் பேர் ஆசை வந்துருச்சு" என்று அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

மாசிக் கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிதல். கூடை நிறையச் சாமந்தியும் அரளியும் எடுத்துக்கொண்டு அம்மா, பெரியம்மா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். நெரிசலில் கசங்கிய பூவின் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து எனக்குத் தலை சுற்றியது. அன்றிலிருந்து பங்குனிக் கடைசி ஞாயிறுவரை அந்த அம்மன் நமக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சமைத்த நைவேத்தியம் கிடையாது. வேகாத துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். அவளோடு சேர்ந்து பட்டினி இருப்பவர்களும் உண்டு. பெரியம்மா அந்த வருஷம் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டார்.

"என்னக்கா வேண்டிக்கிட்ட?" என்று திரும்பும்போது அம்மா கேட்டார்.

"அது எனக்கும் ஆத்தாளுக்கும்."

கடையை மூடுவார் என்று நினைத்தோம். மூடவில்லை. அடை சுடலாம், சாப்பிடக் கூடாது, அவ்வளவுதானே என்றார். ஆனால் சமைத்ததை நாக்கில் வைக்காமல் உப்புப் பார்ப்பது எப்படி? அந்த வேலை எனக்கு வந்தது. பள்ளி விட்டு வந்ததும் மொச்சைக் கூட்டில் ஒரு கரண்டி என் உள்ளங்கையில் விழும். ஊதி ஊதித் தின்பேன். பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"உப்பு?"

"சரியா இருக்கு பெரியம்மா."

அப்படி ஒருவர் என் முகத்தை அதற்குப் பிறகு பார்த்ததில்லை. உப்பு இருந்த மரவை இன்னும் கண்ணில் நிற்கிறது. வழுவழுவென்று தேய்ந்த பலாமரக் கிண்ணம், விளிம்பில் ஒரு வெடிப்பு. வீடு மாறியபோது அது எங்கே போயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை. எத்தனையோ பொருளின் கதி எனக்குத் தெரியும். அதன் கதி தெரியாது.

இனி அந்த வெள்ளிக்கிழமை. பட்டினி முடியும் ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளி, விளக்கு வைக்கிற நேரம். எங்கள் வீட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு லாரி நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. வயதான கிளீனர் ஒருவர் இறங்கி வந்தார்.

"ரெண்டு அடை குடுங்கம்மா. ஒண்ணு சாதாரணமா. இன்னொண்ணு ஓரமெல்லாம் கருகி இருக்கணுமாம்."

பெரியம்மாவின் கை கல்லுக்கு மேலே நின்றது. மாவு கரண்டியிலிருந்து சொட்டியது.

"யாருக்கு கருகல்?"

"டிரைவருக்குத்தான். அவரு ஒரு மாதிரிங்க. கருகலத்தான் மொத கடிப்பாரு."

அந்தக் கடையில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் ஒருவர் கேட்பார். அம்மா தோசை கருக விட்டால் "இத அவருக்கு எடுத்து வை" என்று பெரியம்மா வாங்கிக்கொண்டு போவதை நான் இன்னும் சின்னவளாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. பெரியம்மா அடையைக் கல்லில் விட்டுவிட்டு நின்றதையும், ஓரம் பழுப்பாகிக் கருத்து, சோளம் தீய்கிற இனிப்பு வாசனை எழுந்ததையும் மட்டும் பார்த்தேன்.

"பாப்பா, உப்புப் பாரு."

"பாத்துட்டேனே பெரியம்மா. சரியாத்தான் இருக்கு."

"இன்னொரு தடவ பாரு."

பார்த்தேன். சரியாக இருந்தது. அவர் அடையை மடக்கிச் சருகில் சுற்றிக் கிளீனரிடம் கொடுத்தார். "சாப்பிட்டுட்டு எப்படி இருந்துச்சுன்னு அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க."

கிளீனர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பெரியம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முந்தானையை இழுத்துச் செருகினார். அவிழ்த்து மறுபடி செருகினார். அடுப்பில் விறகு புகைந்தது. அதைக்கூடத் தள்ளவில்லை. நின்றிருந்த இன்னொரு லாரிக்காரர், "அக்கா, எனக்கு?" என்றார். பெரியம்மாவுக்குக் காதில் விழவில்லை.

கிளீனர் மட்டும்தான் திரும்பி வந்தார். சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"எறங்க மாட்டேங்கிறாருங்க. சொல்லச் சொன்னாரு... சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"பேருதான் பெருசா இருக்கு, ருசி அவ்வளவு இல்லேன்னாரு. உப்பு எப்பவும் போல கம்மியாம்."

வாசலில் நின்ற அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஊரே தின்னுட்டு சப்பு கொட்டிட்டுப் போகுது. இவரு யாரு பெரிய துரை?" பெரியம்மா சிரித்தார். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு மூட முடியாமல், கண்ணில் நீர் வரும்வரைக்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. 'எப்பவும் போல' என்று ஒருவர்தான் சொல்ல முடியும் என்பது புரிய எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று. வழிநெடுகப் போன அந்தப் பேரெல்லாம் எந்த ஒரு காதுக்குப் போய்ச் சேரப் போனது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"இருக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு சுடுறேன். நானே கொண்டாறேன்" என்றார். மரவையிலிருந்து உப்பை அள்ளி மொச்சையில் போட்டார். என்னை ருசிபார்க்கச் சொல்லவில்லை.

அந்நேரத்தில்தான் அப்பா சைக்கிளில் வந்து சேர்ந்தார். அம்மா நடந்ததைச் சொல்லி, "யாரோ ஒருத்தன் அக்காவக் கேலி பண்றான், என்னன்னு கேளுங்க" என்றார். அப்பா சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ரோட்டைத் தாண்டினார். பெரியம்மா கல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் போனதைக் கவனிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நடக்கவில்லை. அப்பா டிரைவர் பக்கத்துக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மெதுவாகப் பேசினார். வெகுநேரம் பேசியதாக எனக்குத் தோன்றியது. பிறகு கையை எடுத்தார். கிளீனர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். லாரி நகர்ந்தது.

பெரியம்மா ஓரம் கருகிய அடையைச் சருகில் ஏந்திக்கொண்டு ரோட்டோரம் வந்தபோது அங்கே புகைதான் இருந்தது.

"போயிட்டாரா?"

"யாரோ தெரியாத ஆளு. ரெண்டு வார்த்த கேட்டேன், கெளம்பிட்டான்" என்றார் அப்பா. பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உப்ப சரி பண்ணிட்டேன் தம்பி. ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லியிருக்கலாம்."

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தூரத்தில், வளைவுக்கு அப்பால், ஒரு ஹாரன் கேட்டது. ஒரே முறை. பெரியம்மா என் தோளைப் பிடித்தார். அது அந்த லாரியின் ஹாரன்தான் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை.

அப்பா சொன்னது பொய் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சாப்பிடும்போது அவர் அம்மாவிடம் தணிந்த குரலில், "தலையெல்லாம் நரைச்சிருச்சு அவனுக்கு" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "அழுது ஓஞ்சு இப்பத்தான் எழுந்து நிக்கிறாங்க. வந்து ரெண்டு நாள் இருந்துட்டு மறுபடி போனா யாரு தாங்குறது? அதான் போகச் சொல்லிட்டேன்" என்றார் அப்பா. தெரியாத ஆளின் தலை நரைத்தால் இவருக்கென்ன என்று எட்டு வயதில் யோசித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். அப்பா நல்லவர். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெரியம்மா அந்த அடையை எனக்குத் தந்தார். ஒரு கையில் பிடித்து, கட்டை விரலால் அடியை அடைத்து, தலையைச் சாய்த்துக் கடிக்கச் சொல்லிக் கொடுத்தது அன்றுதான். "இப்படித்தான் சாப்பிடணும். மடியில கொட்டக் கூடாது." கருகல் முதலில் கசந்தது, பிறகு இனித்தது. மொச்சை உப்புக் கரித்தது.

"உப்பு ஜாஸ்தி பெரியம்மா."

"இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பட்டினி முடிந்து, கஞ்சி குடித்துவிட்டு, அவரே மொச்சையை வாயில் போட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை போட்ட அதே அளவு உப்பு. கண்ணை மூடி மென்றார். "சரியா இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து அந்த அளவுதான். சித்திரைத் தேர் முடிவதற்குள் பேச்சு வந்துவிட்டது. "என்னக்கா, மொச்சையில உப்பு மூட்ட கவுந்திருச்சா?" என்றார் ஒரு டிரைவர். "தண்ணி குடிச்சுக்கங்க" என்றார் பெரியம்மா. பட்டினி கிடந்ததில் நாக்குச் செத்துவிட்டது என்று தெரு பேசியது. ஜவுளிக் கடைக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஹாரன்கள் குறைந்தன. ஆடிக் காற்று வந்தபோது, சாயங்காலம் முழுக்க எழுதினாலும் நான் நிமிரவே வேண்டியிருக்கவில்லை. பெரியம்மா மட்டும் லாரிச் சத்தம் கேட்டபோதெல்லாம் நிமிர்ந்தார். கல்லின் ஓரத்தில் எப்போதும் ஓர் அடை கருகிக்கொண்டிருக்கும்.

ஒருவர் மட்டும் கடைசிவரை அந்த அடையைத் தின்றார். என் அப்பா. தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் கல்லருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்று வாங்கித் தின்பார். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியம்மாவும் அவரை எதுவும் கேட்டதில்லை. ரோட்டை அகலப்படுத்தப் புளியமரத்தை வெட்டும்வரைக்கும் இப்படியே நடந்தது. பெரியப்பா வரவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. நான் எழுந்து வரும்போது பில் கொண்டுவந்த பெண், "எப்படி இருந்துச்சு மேடம்? ஸ்டார் போடுவீங்களா?" என்று கேட்டாள். மருமகள் எனக்காக முந்திக்கொண்டு, "சூப்பர்" என்றாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "உண்மையச் சொல்லுங்கத்தை, பேர் அளவுக்கு இல்லதானே? உப்பு தூக்கல்" என்றாள்.

ஆமாம். பேர்தான் பெரிதாக இருக்கிறது, ருசி அவ்வளவு இல்லை. ராஜ்மாவில் உப்புத் தூக்கல். பேங்க் மேனேஜருக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் அவர் போக வேண்டாம். மற்றவர்கள் உங்கள் விருப்பம்.

நான் அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன். மருமகளிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று, ரொட்டி வாட்டுகிறவரிடம் ஒன்றை மட்டும் ஓரம் கருகத் தர முடியுமா என்று கேட்கப் போகிறேன். கேட்டதும் கல்லுக்கு மேலே அவர் கை ஒரு கணம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.